ரேங்க் லிஸ்ட்டுக்கும் அலாட்மென்ட்டுக்கும் நடுவே

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 45 பேரைக் கணினி முன் உட்காரவைத்து ஒரு விளையாட்டு ஆடச் சொன்னார்கள். திரையில் ஒரு கல் தெரியும். அதன் அடியில் பாம்பு இருக்கிறதா இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்துவிட்டால், ஊகம் சரியோ தப்போ, கையில் வலிக்கும்படி ஒரு மின் அதிர்ச்சி விழும். எந்தக் கல்லுக்கு அடியில் பாம்பு அதிகம் என்பதும் ஆட்டம் போகப் போக மாறிக்கொண்டே இருக்கும். ஆடுகிறவர்களின் வியர்வையையும் கண்மணி விரிவதையும் அளந்துகொண்டே வந்தார்கள். 2016இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் முடிவு வெளியானது. பாம்பு நிச்சயம் என்று தெரிந்த கல்லைப் பார்த்தபோது பதற்றம் உச்சத்துக்குப் போகவில்லை. இருக்கலாம், இல்லாமலும் போகலாம், பாதிக்குப் பாதி என்ற கல்லைப் பார்த்தபோதுதான் போயிற்று. அடி உறுதி என்று தெரிந்தவர்கள் அதைவிட நிதானமாக இருந்தார்கள்.

பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் மே மாதம் ரிசல்ட் வந்ததிலிருந்து அலாட்மென்ட் வரும்வரை நடப்பது இதே ஆட்டம்தான். மார்க் குறைந்த பிள்ளைகள்தாம் அதிகம் பயப்படுவார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 200க்குக் கட்-ஆஃப் 199 எடுத்தவருக்கும் 120 எடுத்தவருக்கும் போகும் வழி ஓரளவு தெரிந்துவிடுகிறது. விரும்பிய கல்லூரி போன வருடம் எந்தப் புள்ளியில் முடிந்ததோ, அதற்கு அரை மார்க் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நிற்கிற பிள்ளைதான் ராத்திரி ஒரு மணிக்குப் போனை எடுத்து அதே பட்டியலை மறுபடி பார்க்கிறது. "நல்ல மார்க்தானே வாங்கியிருக்க, அப்புறம் என்ன?" என்று அப்பா கேட்பது எடுபடாமல் போவதற்கும் இதுதான் காரணம். மார்க் நல்ல மார்க்தான். விடைதான் இன்னும் வரவில்லை.

பாம்பு ஆட்டத்தில் இன்னொன்றும் தெரிந்தது. நிச்சயமில்லாத இடத்தில் பதற்றம் ஏறி, தெளிவான இடத்தில் இறங்கியவர்கள் ஊகிப்பதிலும் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். ஆக, பதற்றம் பழுதான கருவி கிடையாது. இங்கே உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது, கண்டுபிடி என்று உடம்பு உசுப்புகிறது. கவுன்சிலிங் மாதங்களில் சிக்கல் என்னவென்றால், கண்டுபிடிக்கக்கூடியதும் கூடாததும் கலந்து கிடக்கின்றன. இந்த வருடம் ஒரு கல்லூரியில் ஈசிஇ எந்தக் கட்-ஆஃபோடு முடியும் என்பது மற்றப் பிள்ளைகள் என்ன எழுதப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதை யூடியூபில் எத்தனை மணி நேரம் தேடினாலும் கிடைக்காது. ஆனால் இடம் எப்படி ஒதுக்கப்படுகிறது என்பதை ஒரு சாயங்காலத்தில் முழுசாகப் புரிந்துகொள்ளலாம். பெரும்பாலான வீடுகளில் முதலாவதற்கு இரண்டு மாதம் செலவாகிறது, இரண்டாவதற்கு ஒரு மணி நேரமும் இல்லை.

அதற்குள் போகும் முன், பதினேழு வயது மூளையைப் பற்றிக் கொஞ்சம். லியா சோமர்வில் என்ற உளவியல் ஆய்வாளரும் சக ஆய்வாளர்களும் 2013இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எட்டு வயது முதல் இருபத்துமூன்று வயது வரை உள்ளவர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, "இப்போது கேமரா ஓடுகிறது, உன் வயதுக்காரர் ஒருவர் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்று சொன்னார்கள். உண்மையில் யாரும் பார்க்கவில்லை. அவர்களும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, சும்மா படுத்திருந்தால் போதும். வெட்க உணர்வு குழந்தைகளிடம் குறைவாக இருந்தது, பதின்ம வயதில் கிடுகிடுவென்று ஏறியது. பார்க்கப்படுகிறோம் என்ற நினைப்பு ஒன்றே அந்த வயதில் அவ்வளவு கனக்கிறது. இப்போது அந்தப் பிள்ளையை ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிப்போய், பந்தியில் உட்கார்ந்த பெரியப்பா "கட்-ஆஃப் எவ்வளவு? எங்க போடப் போற?" என்று கேட்பதை நினைத்துப் பாருங்கள். அவருக்கு அது சும்மா பேச்சு.

தூக்கத்தையும் விட்டுவிட முடியாது. பதின்ம வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் இயல்பாகவே தாமதமாகச் சுரக்கிறது. பரீட்சை முடிந்த விடுமுறையில் போனும் சேர்ந்தால் இரவு இன்னும் பின்னுக்குப் போகும். தூக்கமில்லாமல் சுமார் 35 மணி நேரம் விழித்திருந்தவர்களின் மூளையில், அச்சத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதி அறுபது சதவீதம் கூடுதலாகத் துடித்ததை 2007இல் ஓர் ஆய்வு காட்டியது. நம் பிள்ளைகள் அவ்வளவு நேரம் விழிப்பதில்லைதான். ஆனாலும் கல்லூரிப் பேச்சை இரவு பதினொரு மணிக்கு எடுப்பதைவிடக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுப்பது நல்லது.

இனி, இடம் ஒதுக்கும் அந்த இயந்திரம்.

தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கட்-ஆஃப் போட்டு, எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறார்கள். ஒரே கட்-ஆஃபில் பலர் நின்றால் கணித மார்க், பிறகு இயற்பியல் மார்க் என்று பார்த்துக்கொண்டே போய், பிறந்த தேதியும் ஒத்துப்போய்விட்டால் கடைசியில் ராண்டம் நம்பர் தீர்க்கிறது. ரேங்க் வந்த பிறகு ஒவ்வொருவரும் கல்லூரியும் பாடப்பிரிவும் சேர்த்து ஒரு விருப்பப் பட்டியல் எழுத வேண்டும். வீட்டுச் சண்டை ஆரம்பிப்பது இங்கேதான். "எட்டாதத எதுக்கு மேல போடுற? கெடைக்கிறத முதல்ல போடு" என்பார் அப்பா. மேலே பெரிய கல்லூரியைப் போட்டு அது கிடைக்காமல் போனால், அதற்குள் கீழே இருப்பதும் கைவிட்டுப் போய்விடும் என்பது அவருடைய பயம். பஸ்ஸில் சீட் பிடித்துப் பழகிய யாருக்கும் வரக்கூடிய பயம்தான்.

கணினி பஸ்ஸைப் போல வேலை செய்வதில்லை. முதல் ரேங்க்காரரின் பட்டியலை எடுக்கிறது, இடம் கொடுக்கிறது. பிறகு இரண்டாம் ரேங்க். இப்படியே வந்து உங்கள் பிள்ளையின் முறை வரும்போது, பட்டியலின் முதல் வரியைப் பார்க்கிறது. இடம் இருந்தால் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. இல்லாவிட்டால் இரண்டாம் வரி, அதுவும் இல்லாவிட்டால் மூன்றாம் வரி. கேட்டுக் கிடைக்காததற்குத் தண்டனை எதுவும் இல்லை. உங்கள் பிள்ளை பத்தாவது வரியில் எழுதிய கல்லூரியை, ரேங்க்கில் பின்னால் நிற்கும் ஒருவர் முதல் வரியில் எழுதியிருக்கலாம். அப்போதும் உங்கள் பிள்ளையின் பத்து வரியையும் பார்த்து முடித்த பிறகுதான் கணினி அவரிடம் போகும். இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குள்ளும் இதே வரிசைதான்.

இப்போது அப்பாவின் யோசனையை ஓட்டிப் பார்ப்போம். 186 கட்-ஆஃப் உள்ள ஒரு மாணவி, வழக்கமாக 178 வரை இறங்கும் ஒரு கல்லூரியைப் பாதுகாப்புக்காக முதல் வரியில் போடுகிறாள். உண்மையில் பிடித்ததை இரண்டாவதாக எழுதுகிறாள். கணினி முதல் வரியைப் பார்க்கிறது. இடம் இருக்கிறது. கொடுத்து முடித்துவிடுகிறது. அந்த வருடம் இரண்டாவது கல்லூரியில் அவளுக்கு இடம் இருந்திருந்தாலும் கணினி அந்த வரியைத் திறந்தே பார்த்திருக்காது. பாதுகாப்பு என்று செய்த காரியம்தான் அவளுக்கு நஷ்டம். பாதுகாப்புக்கான கல்லூரி பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும். அது இருக்க வேண்டிய இடம் அடிப்பக்கம். பட்டியல் குட்டையாக இருந்து எல்லா வரியும் தீர்ந்துபோனால்தான் அந்தச் சுற்றில் வெறுங்கை.

இதன் பின்னால் இருக்கும் கணக்கு 1962இல் பிறந்தது. டேவிட் கேல், லாய்ட் ஷேப்லி என்ற இரு கணித அறிஞர்கள் அமெரிக்கன் மேத்தமேட்டிக்கல் மன்த்லி என்ற இதழில் கல்லூரிச் சேர்க்கையையும் திருமணத்தையும் ஒரே தலைப்பில் சேர்த்து ஏழு பக்கக் கட்டுரை எழுதினார்கள். அதில் சூத்திரங்களைத் தேடினால் ஏமாற்றம்தான். பேச்சு நடையிலேயே நிரூபணம் முடிந்துவிடுகிறது. கல்லூரிகளும் தங்களுக்கென்று தனித்தனி வரிசை வைத்திருக்கும் உலகத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு மாணவரும் முதல் விருப்பத்தைக் கேட்பார். கல்லூரி தன்னிடம் வந்தவர்களில் சிறந்தவர்களைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடும். அனுப்பப்பட்டவர்கள் அடுத்த விருப்பத்திடம் போவார்கள். அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் ஒருவரைவிட இவர் மேல் என்றால், அவர் எழுந்து இவருக்கு இடம் விடவேண்டும். யாரும் யாரையும் அனுப்பாத நிலை வரும்வரை இது ஓடும். கடைசி நிமிடம்வரை எதுவும் உறுதியில்லை என்பதால்தான் முதலில் உயரமாகக் கேட்டவர் பின்தங்குவதில்லை. மனதில் உள்ள வரிசையை அப்படியே எழுதுவதைவிட மாணவருக்குச் சாமர்த்தியமான வழி வேறு கிடையாது என்பதையும் பிற்பாடு வேறு ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். எல்லாக் கல்லூரிக்கும் ஒரே ரேங்க் வரிசைதான் என்றால், இந்த நீண்ட ஆட்டம் சுருங்கி, மேலே சொன்ன எளிய முறையாகிவிடுகிறது. ஷேப்லிக்கும், இந்தக் கணக்கைப் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் கொண்டுபோன ஆல்வின் ராத்துக்கும் 2012இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. கேல் 2008இலேயே இறந்துவிட்டார்.

எல்லா முறையும் இப்படி நேர்மைக்கு இடம் கொடுப்பதில்லை. பாஸ்டன் நகரத்துப் பள்ளிச் சேர்க்கையில் 2005 வரை ஒரு பள்ளியை முதல் விருப்பமாக எழுதியவர்களுக்கே முதலில் இடம் போனது. அது கிடைக்காமல் இரண்டாவதிடம் வந்தால், அங்கே அதை முதல் விருப்பமாக எழுதியவர்கள் நிரப்பிவிட்டிருப்பார்கள். அந்த ஊரில் நம் அப்பாவின் பயம் முற்றிலும் சரி. பெற்றோர் கூடிக் கூடிப் பேசி, எதை முதலில் எழுதினால் தப்பிக்கலாம் என்று வியூகம் வகுத்தார்கள். அந்தக் கூட்டங்களுக்குப் போகாத குடும்பங்களின் பிள்ளைகள் தோற்றார்கள். பொருளாதார அறிஞர்கள் எடுத்துக்காட்டிய பிறகு நகரம் கேல்-ஷேப்லி முறைக்கு மாறியது. ஐஐடிகளும் என்ஐடிகளும் 2015இலிருந்து சேர்ந்து நடத்தும் இட ஒதுக்கீட்டின் அடியிலும் இருப்பது இதே குடும்பத்துக் கணக்குதான். மருத்துவக் கவுன்சிலிங்கில் கிடைத்த இடத்தை விட்டு விலகும் விதிகள் சுற்றுக்குச் சுற்று மாறும் என்பதால், அதைத் தனியாகப் படித்துக்கொள்ள வேண்டும்.

2018க்கு முன் இதெல்லாம் நேரில் நடந்தது. கன்னியாகுமரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் குடும்பத்தோடு கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்துக்கு வந்து, திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகக் கரைவதைப் பார்த்துக்கொண்டே காத்திருந்து, முறை வந்ததும் மிச்சமிருப்பதில் ஒன்றைக் காட்டுவார்கள். கணக்குப்படி பழைய முறையும் புதிய முறையும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடும். அனுபவம் வேறு. அன்று ஒரு பிள்ளை இருப்பதிலிருந்து எடுத்தது. இன்று இருக்குமா இருக்காதா என்று தெரியாத அத்தனையையும் முன்கூட்டியே வரிசைப்படுத்துகிறது. அலைச்சலும் லாட்ஜ் செலவும் மிச்சமானது பெரிய விஷயம்தான். ஆனால் அந்தப் பாம்புக் கல்லைக் கிண்டியிலிருந்து எடுத்து வீட்டுக் கூடத்தில் வைத்துவிட்டோம் என்றும் எனக்கு அவ்வப்போது தோன்றும்.

சரி, மனதில் உள்ள வரிசையை எழுது என்று கணிதம் சொல்லிவிட்டது. மனதில் உள்ள வரிசை சரியா?

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு முடிவில் மாணவர்களுக்குக் குலுக்கல் முறையில் விடுதி ஒதுக்குவார்கள். மீதி மூன்று வருடமும் அங்கேதான். நல்ல விடுதி கிடைத்தவர்கள் துள்ளுவார்கள், மற்றவர்கள் முகம் தொங்கிப் போகும். எலிசபெத் டன், டிமதி வில்சன், டேனியல் கில்பர்ட் மூவரும், எந்த விடுதி கிடைத்தால் எவ்வளவு சந்தோஷமாக இருப்பீர்கள் என்று மாணவர்களை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, பிற்பாடு போய் மறுபடி கேட்டார்கள். 2003இல் வெளிவந்த முடிவின்படி, ஆசைப்பட்ட விடுதியில் இருந்தவர்களும் வேண்டாவெறுப்பாகப் போனவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு சந்தோஷமாக இருந்தார்கள். கணிப்பில் அவர்கள் பார்த்தது கட்டடத்தையும் அது இருக்கும் இடத்தையும். வாழும்போது கணக்கில் வந்தது கூட இருந்த மனிதர்கள். அந்தத் துணை எல்லா விடுதியிலும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருந்தது.

நம் ஊர் கல்லூரிகளின் விளம்பரப் படங்களும் கட்டடத்தைத்தான் காட்டுகின்றன. அதனால் பட்டியல் எழுதும் முன், எட்டக்கூடிய தூரத்தில் இருக்கும் கல்லூரிகளில் ஒன்றிரண்டுக்காவது ஒரு வேலைநாளில் போய்வருவது நல்லது. வரவேற்பறையில் உட்கார வேண்டாம். கேன்டீனில் இரண்டாம் வருடப் பிள்ளைகளைப் பிடித்துக் கேட்கலாம். லேப் நிஜமாக நடக்கிறதா, புரியாததைக் கேட்டால் சொல்லித்தர ஆள் இருக்கிறார்களா, தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்கள் முதல் செமஸ்டரை எப்படிச் சமாளித்தார்கள், காலேஜ் பஸ்ஸில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போகிறது? நான்கு வருடம் தினமும் மூன்று மணி நேரம் பஸ்ஸில் கழிப்பது, எந்தப் பிளேஸ்மென்ட் அட்டவணையிலும் வராத செலவு.

"எந்தக் காலேஜானா என்ன, படிக்கிற பிள்ளை எங்கயும் படிக்கும்" என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இருவர் 1976இல் கல்லூரியில் சேர்ந்த அமெரிக்க மாணவர்களின் பிற்கால வருமானத்தை எடுத்துப் பார்த்தார்கள். பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தும் வேறு காரணத்தால் சாதாரணக் கல்லூரிக்குப் போனவர்களும், பெரிய கல்லூரியிலேயே படித்தவர்களும் சராசரியில் ஒரே அளவுதான் சம்பாதித்தார்கள். 2002இல் வந்த இந்த ஆய்வை மேற்கோள் காட்டுபவர்கள் அதில் இருக்கும் ஒரு விதிவிலக்கைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரியின் தரம் வித்தியாசத்தை ஏற்படுத்தியது. பெற்றோர் அதிகம் படிக்காத வீட்டுப் பிள்ளைகளுக்கும் அப்படியே என்று அவர்களுடைய அடுத்த ஆய்வு காட்டியது. இங்கே முதல் பட்டதாரிச் சான்றிதழோடு வரும் பிள்ளைக்கு, வீட்டில் கிடைக்காத அறிமுகங்களைக் கல்லூரிதான் தர வேண்டும். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் நிறுவனங்களும் கல்லூரிப் பெயரைப் பார்த்துத்தான் வருகின்றன. அந்தப் பிள்ளையிடம் போய் எல்லாம் ஒன்றுதான் என்று சொல்வது நியாயமில்லை. அதே சமயம், அப்பா அம்மா இருவரும் பட்டதாரிகளான ஒரு வீட்டில் நாலாவது கல்லூரிக்கும் ஏழாவது கல்லூரிக்கும் நடுவே போகும் தூக்கம், என்னைக் கேட்டால், வீண்.

பிறகு, பெற்றோர் என்ன செய்வது? யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ் 2020இல் ஒரு வேடிக்கையான சிகிச்சை முறையின் முடிவை வெளியிட்டார். பதற்றக் கோளாறு உள்ள ஏழு முதல் பதினான்கு வயது வரையான 124 பிள்ளைகள். ஒரு குழுவில் பிள்ளைகளுக்கு வழக்கமான உளவியல் சிகிச்சை. இன்னொரு குழுவில் பிள்ளைகள் சிகிச்சைக்கே வரவில்லை, பெற்றோர் மட்டும் வந்தார்கள். இரண்டு குழுப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே அளவு தேறினார்கள். பெற்றோர் கற்றுக்கொண்டது பெரிதாக ஒன்றுமில்லை. பிள்ளையின் பயத்துக்கு வளைந்து கொடுப்பதைக் குறைப்பது, திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விக்குத் திரும்பத் திரும்பச் சமாதானம் சொல்வதை நிறுத்துவது. நம் பிள்ளைகள் வயதில் பெரியவர்கள், எல்லாருக்கும் கோளாறு என்று சொல்லவும் முடியாது. இருந்தாலும் இந்த உரையாடல் பல வீடுகளில் கேட்டதுதான்:

"அம்மா, ஐடி கெடைச்சிருமா?"

"கண்டிப்பா கெடைக்கும்டி, கவலப்படாத."

பத்து நிமிடம் கழித்து மறுபடி, "நெஜமா கெடைக்குமாம்மா?"

அம்மாவுக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்பது மகளுக்கும் தெரியும். அதனால்தான் அந்தப் பதில் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்குவதில்லை. லெபோவிட்ஸ் சொல்லித்தரும் பதிலில் இரண்டு பாகம் உண்டு. பிள்ளையின் தவிப்பை ஒப்புக்கொள்வது ஒன்று, அதைத் தாங்கும் பலம் அதனிடம் இருக்கிறது என்று சொல்வது இன்னொன்று. "தெரியலடி. இப்படித் தெரியாம இருக்கிறது கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா உன்னால சமாளிக்க முடியும்." இதைச் சொல்லிவிட்டுச் சமையலைப் பார்க்கப் போகலாம். மகளின் பாஸ்வேர்டை வாங்கி அப்பாவே பட்டியலை நிரப்பிவிடுவதும் வளைந்து கொடுப்பதில்தான் சேரும். முதல் பட்டியலைப் பிள்ளை எழுதட்டும். கட்டணம், தூரம், ஹாஸ்டல் என்று பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியது இருந்தால் அதற்குப் பிறகு சொல்லட்டும்.

பட்டியலைப் பூட்டிய பிறகும் தேடல் நிற்காத பிள்ளைகள் உண்டு. ஷீனா ஐயங்கார் குழுவினர் 2006இல், படிப்பு முடித்து வேலை தேடும் அமெரிக்க மாணவர்களைப் பின்தொடர்ந்தார்கள். இருப்பதிலேயே ஆகச் சிறந்ததுதான் வேண்டும் என்று தேடியவர்களுக்கு, போதுமானது கிடைத்தால் சரி என்றவர்களைவிடத் தொடக்கச் சம்பளம் 20 சதவீதம் அதிகமாகக் கிடைத்தது. கிடைத்த வேலையில் மனநிறைவு குறைவாக இருந்ததும் அவர்களுக்கே. அலாட்மென்ட் வந்த அன்றைக்கு வாட்ஸ்அப் குழுக்களில் யாருக்கு எது கிடைத்தது என்று பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். அந்த ஒரு வாரம் குழுக்களை மியூட் செய்துவைப்பது தவறே இல்லை.

சாதாரணப் பதற்றம் அலாட்மென்ட்டோடு, அல்லது வகுப்பு தொடங்கிய சில வாரங்களில் தணிந்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் சரியான தூக்கமும் சாப்பாடும் இல்லை, நண்பர்களிடம்கூடப் பேச்சு நின்றுவிட்டது, அடிக்கடி நெஞ்சு படபடக்கிறது என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். "நான் இல்லாம இருந்தா உங்களுக்கு நல்லது" என்பது போன்ற வார்த்தை ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே உதவி தேட வேண்டும், பிள்ளையைத் தனியாக விடக் கூடாது. இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104க்கும் அழைக்கலாம். பிள்ளை பேச மறுத்தால் பெற்றோரே அழைத்து என்ன செய்வது என்று கேட்கலாம்.